பவர் பேங்க் எந்தப் பையில்? ஏர்போர்ட் சோதனைக்கு முன் இதைக் கவனிங்க!

கடம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் மெட்ரோ மாறி சென்னை ஏர்போர்ட் போறீங்களா? கிளம்பும்போதே பவர் பேங்கைக் கைப்பையில் வைங்க. செக்-இன் பெட்டியில் அதற்கு அனுமதி இல்லை. பறக்கும்போது சரக்கு அறையில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் போய் அணைக்க முடியாது. எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். எளிதில் தீப்பற்றும் கொப்பரைத் தேங்காயும் அப்படித்தான்.

அம்மா கட்டிக்கொடுத்த நெய், ஊறுகாய்? தாராளமா செக்-இன் பெட்டிக்கு! வெளிநாட்டு விமானம் என்றால், கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் இருக்கக்கூடாது.

உடல் சோதனையைச் செய்வது சிஐஎஸ்எஃப். பெண்களைப் பெண் காவலர்தான், திரை மறைவில் சோதிக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மெட்டல் டிடெக்டர் வாசலுக்கு முன்பே சொல்லிடுங்க.