இரண்டு புள்ளிகளின் வரலாறு

தவணைப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில், கொழும்பு நகரத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆசிரியர் அறை வாயிலில் இரண்டொரு மாணவர் தயங்கி நிற்பதைக் காணலாம். "சேர், நாப்பத்தெட்டு வந்திருக்கு. இன்னும் ரெண்டு புள்ளி போட்டால் சீ வந்திடும்." ஐம்பது புள்ளியென்றால் திறமைச் சித்தி. முப்பத்துமூன்று பெற்றவன் முப்பத்தைந்தையும், எழுபத்துமூன்று பெற்றவள் எழுபத்தைந்தையும் நாடி வருவர். இதை ஒழுக்கக்கேடு எனச் சினக்கும் ஆசிரியரும் நம்மிடையே உளர். 'பிள்ளை பாவம்' என்று சிவப்புப் பேனையைத் திறப்போரும் உளர். அந்த எல்லைக்கோட்டை வரைந்தவர் யார் என்று மட்டும் இரு சாராரும் கேட்பதில்லை.

இந்நாட்டில் எல்லைப் புள்ளியின் முன்னே முதலில் நடுங்கி நின்றவர் மாணவரல்லர், ஆசிரியரே எனலாம். பிள்ளைகள் சித்தியடைந்த அளவுக்கே பாடசாலைக்குப் பணம் என்னும் விதியை இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ புகுத்தினார். இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்ததையடுத்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள்மீதும் அதே விதி சுமத்தப்பட்டது. பரிசோதகர் வருவார், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார், தவறிய ஒவ்வொரு பிள்ளையாலும் நன்கொடை குறையும். அரைகுறையாக வாசித்து முடித்த பிள்ளையின் பெயருக்கு நேரே பரிசோதகரின் கை எதை எழுதப்போகிறது என்று அந்த ஆசிரியர் எத்துணைப் பதற்றத்துடன் பார்த்திருப்பார்! தேயிலைக்கும் கோப்பிக்கும் போலவே கல்விக்கும் விளைச்சற் கணக்கு வைத்த காலம் அது.

1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இங்கு தொடங்கின. அவற்றின் விடைத்தாள்கள் கப்பலேறின; அவற்றுக்குப் புள்ளியிட்டவர் முகத்தை எவரும் கண்டதில்லை; கெஞ்சுவதற்கு வாயிலும் இல்லை. அப்பரீட்சைக்குத் தோற்றுவதற்கே ஆங்கிலப் பாடசாலைக்குச் செலுத்தப் பணம் வேண்டியிருந்தமையால், கோடு பரீட்சை மண்டபத்துக்கு வெளியிலேயே வரையப்பட்டிருந்தது என்பதே உண்மை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்து பாடசாலைக் கதவைத் திறந்தது. பின்னர் தாய்மொழிக் கல்வி அக்கதவை இன்னும் அகலமாக்கியது. ஆனால் 1942இல் ஆயிரத்துக்கும் குறைந்த மாணவருடன் தொடங்கிய பல்கலைக்கழகம், விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் ஆகிய துறைகளில் அதே வேகத்தில் விரியவில்லை. வாயில் அகன்றது, மண்டபம் சிறுத்தே இருந்தது. அந்த இடைவெளியிலேதான் 'வெட்டுப்புள்ளி' என்ற சொல் ஒவ்வொரு வீட்டிலும் புழங்கும் சொல்லாயிற்று.

இனி 1970ஆம் ஆண்டுக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதி அதுவரை நான்கு பாடங்களுக்குரிய நானூறு புள்ளிகளில் பெற்ற மொத்தத்தைக் கொண்டே நடைபெற்றது. அவ்வாண்டு பொறியியற் பீடத்துக்குத் தெரிவானோருள் தமிழர் தொகை மிகுதி என்ற செய்தி பரவியது. அதனுடன் ஒரு குற்றச்சாட்டும் பரவியது: தமிழ்ப் பரீட்சகர்கள் தம்மவர்க்குப் புள்ளிகளை அள்ளி வழங்கினார்கள் என்பதே அது. விடைத்தாளில் மாணவன் பெயர் இராது. சுட்டெண் மட்டுமே இருக்கும். சுட்டெண் பெயரை மறைத்தது. எழுதிய மொழியோ இனத்தைக் காட்டிக் கொடுத்தது. (தமிழில் எழுதிய முஸ்லிம் மாணவர்மீதும் இதே அடி விழுந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.) குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை. ஆயினும் அதற்குரிய தண்டனை மாத்திரம் நிறைவேற்றப்பட்டது.

1971ஆம் ஆண்டு அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவன் 227 புள்ளி பெற்றாற் போதுமாயிருந்தது. தமிழ் மொழிமூல மாணவன் 250 பெற வேண்டியிருந்தது. கட்டுபெத்தையில் முறையே 212, 232. மருத்துவத்துக்கு 229, 250. இரண்டு புள்ளிகளுக்காக ஒரு பிள்ளை ஆசிரியர் அறை வாயிலில் நிற்பதை ஒழுக்கக்கேடென்று சொல்வோமாயின், இருபத்துமூன்று புள்ளிகளை ஒரு பேனைக் கோட்டால் இடம்பெயர்த்த அரசின் செயலை என்ன பெயரிட்டு அழைப்பது?

அந்த அரசு ஐக்கிய முன்னணி அரசு என்பதை இடதுசாரி வாசகர் தவிர்த்துச் செல்ல இயலாது. லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதில் அங்கம் வகித்தன. 1971 ஏப்ரலில் கிராமத்துச் சிங்கள இளைஞர் ஆயுதமேந்தி எழுந்தபோது, கல்வி கற்றும் வழியற்றுப் போன ஒரு தலைமுறையின் சீற்றம் வெளிப்பட்டது. அச்சீற்றத்தின் காரணம் பொய்யன்று. ஆய்வுகூடமே காணாத கிராமப் பாடசாலைப் பிள்ளைக்கு நியாயம் வேண்டுமென்ற கோரிக்கையும் பொய்யன்று. மண்டபத்தைப் பெருப்பிப்பதே அதற்குரிய விடை. அதைவிட்டு, உள்ளே இருக்கும் ஆசனங்களை மொழிவாரியாக எண்ணிப் பிரித்தார்கள். 1973இல் மொழிமூலத் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. விஞ்ஞானத் துறைகளில் 1970இல் ஏறத்தாழ 35 சதவீதமாயிருந்த தமிழ் மாணவர் பங்கு 1975இல் 19 சதவீதமாயிற்று. யாழ்ப்பாணத்தில் அது எத்தகைய அரசியலை விளைவித்தது என்பது யாவரும் அறிந்தது. இங்கு விரிக்க வேண்டியதில்லை.

மொழிமூலத் தரப்படுத்தல் 1977க்குப்பின் கைவிடப்பட்டது. மாவட்ட முறையோ விகிதங்கள் மாறி மாறி நிலைத்தது. 2001 முதல் இசட் புள்ளி வந்தது. ஒரு பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார் என்பதை, அப்பாடத்தின் நியம விலகலால் வகுத்துக் காண்பது அது. கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒரே தராசில் நிறுக்க இது உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லைக்கோடு தசமத்தின் நான்காம் தானத்துக்கு நகர்ந்ததேயன்றி அழியவில்லை. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களுக்குத் தோற்றியவர்களை ஒன்றாக்கிக் கணித்தார்கள். அது பிழையென்று 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, வெவ்வேறாகக் கணிக்குமாறு பணித்தது. மறுபடி எண்ணியபோது, வெளியே நின்ற பலர் உள்ளே வரத் தகுதியுடையவராயினர். அவர்களது விடைகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வகுத்த முறை மாத்திரமே மாறிற்று.

மாவட்ட முறையின் மற்றொரு முகம் கொழும்பில்தான் தெளிவாகத் தெரியும். அனுமதியின் 40 சதவீதம் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பது இன்று வழங்கும் பங்கீடு. இப்பங்கீட்டில் கொழும்பு முன்னேறிய மாவட்டம். அதன் வெட்டுப்புள்ளி நாட்டின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் ஒரே அறையில் அறுவருடன் வாழ்ந்து, மின்விளக்குக்குக் கீழே மூட்டை சுமந்த தகப்பன் உறங்கும்வரை காத்திருந்து படிக்கும் துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைக்கும், வெள்ளவத்தையில் பாடத்துக்கொரு தனியார் வகுப்புக்குச் சென்றுவரும் பிள்ளைக்கும் கோடு ஒன்றே. இருவரும் 'கொழும்பு'. மாவட்டம் என்ற சொல்லுக்கு வர்க்கம் தெரிவதில்லை.

ஆசிரியர் அறை வாயிலிலும் இதே வேற்றுமையைக் காண்கிறோம். இரண்டு புள்ளி கேட்டு வருபவர் பெரும்பாலும் கேட்கப் பழகிய வீட்டுப் பிள்ளைகள். சில வேளைகளில் தாயோ தகப்பனோ உடன் வருவர். தொழிலாளியின் பிள்ளை நாற்பத்தெட்டைப் பார்த்துவிட்டு, விடைத்தாளை மடித்துப் புத்தகத்துள் வைத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆதலின் இரங்கிப் போடும் இரண்டு புள்ளி, இரக்கத்துக்கு மிகவும் உரியவரைச் சென்றடைவதே அரிது. அன்றியும், ஆதாரமின்றி 'அள்ளி வழங்கினர்' என்று பழிசுமத்தப்பட்ட ஆசிரியர் பரம்பரையில் வந்தவர்கள் நாம். அப்பழியை மெய்யாக்கும் உரிமை நமக்கில்லை.

எனவே நம்மிற் சிலர் இப்போது வேறொரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறோம். புள்ளித் திட்டத்தைக் கரும்பலகையில் எழுதி, விடைத்தாள்களை வகுப்பு முழுவதற்கும் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவரும் தத்தம் விடையை வரிவரியாக ஒப்பிட ஒரு பாடவேளையை ஒதுக்குகிறோம். சென்ற தவணையில் அவ்வாறு செய்தபோது நான்கு பேருக்குப் புள்ளி கூடியது; ஒருவருக்குக் குறைந்தது. கூடிய நால்வருள் மூவர் ஒருபோதும் ஆசிரியர் அறைக்கு வந்தவரல்லர்.