லெவோடோப்பா டிஸ்கைனீசியா

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோப்பா மருந்தைச் சில ஆண்டுகள் உட்கொண்டவர்களுக்கு, அவர்கள் விரும்பாமலே தோன்றும் உடல் அசைவுகள் டிஸ்கைனீசியா எனப்படும். தலை ஆடும், தோள் நெளியும், உட்கார்ந்திருப்பவரின் கால் ஓரிடத்தில் நிற்காமல் அலையும். நோயின் நடுக்கம் இதிலிருந்து வேறானது. அது சீரான தாளத்தில், பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும்போது வரும். டிஸ்கைனீசியாவுக்குத் தாளம் கிடையாது. வீட்டார் பலர் இரண்டையும் ஒன்றென எண்ணி, நோய் முற்றிவிட்டதாகப் பயந்து மாத்திரையைக் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டினால் பெரும்பாலும் அசைவும் கூடும்.

1961இல் வியன்னாவில் வால்டர் பிர்க்மேயரும் ஓலே ஹோர்னிகீவிச்சும் இம்மருந்தை ஊசிவழி கொடுத்து, அசையமுடியாமல் கிடந்தவர்களை எழுந்து நடக்கவைத்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழி அளவைப் படிப்படியாக உயர்த்தி அதை நீடித்த சிகிச்சையாக்கினார். 1969இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்த அசைவுகளும் பதிவாகியுள்ளன.

நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் ஓரளவு மிஞ்சியிருக்கும்வரை, அவை மருந்தை டோபமைனாக மாற்றிச் சேமித்து நிதானமாக வெளிவிடும். அவை அழிய அழிய, இரத்தத்தில் மருந்து ஏறி இறங்குவதை மூளையும் அப்படியே உணர்கிறது. லெவோடோப்பாவின் அரை ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். நாளுக்குப் பலமுறை இப்படி ஏறி இறங்குவதால் நரம்புச் சுற்றுகளின் இயல்பே மாறி, டிஸ்கைனீசியா தோன்றுகிறது. இளவயதில் நோய் தொடங்கியவர்களுக்கு இதற்கு வாய்ப்பு அதிகம்.

அசைவு எந்த நேரத்தில் வருகிறது என்பதே முக்கியத் துப்பு. மாத்திரை முழுவீச்சில் வேலை செய்யும்போது வருவது மிகப் பரவலான வகை. மருந்து ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் வருவது இன்னொரு வகை. அது கால்களையே அதிகம் பிடிக்கும். விடியற்காலையில், முதல் மாத்திரைக்கு முன், கால்விரல்கள் மடங்கிப் பாதம் உட்புறம் முறுக்கி வலித்தால் அது மருந்து குறைந்ததன் விளைவு. ஆகவே எல்லாவற்றுக்கும் அளவைக் குறைப்பது தீர்வாகாது.

ஒரு வேளைக்கான அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டுவது முதல் வழி. முதலில் இன்ஃபுளுவென்சாவுக்காக வந்த அமன்டடின் இங்கு நன்கு பயன்படுகிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு மூளை ஆழ்தூண்டல் அறுவை பெரும் நிவாரணம் தரும். லேசான அசைவு பலரைத் தொந்தரவு செய்வதில்லை. இறுகிக் கிடப்பதைவிட அதுவே மேல் என்பார்கள். அவர்கள் விருப்பமே முதலில் கேட்கப்பட வேண்டும்.

பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோப்பா உண்டு. அதை நாட்டு மருந்தாக உண்பவர் மருத்துவரிடம் சொல்லாவிட்டால் அளவுக் கணக்கு தவறிவிடும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசினும் டோபமைனைத் தடுத்து இறுக்கத்தை மோசமாக்கலாம்.

மாத்திரை விழுங்கிய நேரம், அசைவு தொடங்கிய நேரம், இறுகிய நேரம் ஆகியவற்றைக் குறித்துவைத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அசைவைக் கண்டு பயந்து மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.