பணிப்பெண்ணாக வளர்ந்த வீராங்கனை



கோல்ப் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது துரைமார்களின் ஆட்டந்தான். அகன்ற புல்தரை, சிறிய வெள்ளைப் பந்து. அந்தப் பந்தை நீண்ட மட்டையால் அடித்து, பதினெட்டுக் குழிகளிலும் ஒவ்வொன்றாக விழச் செய்ய வேண்டும். புல் வெட்டுவதும் பை சுமப்பதுமே ஏழையின் பங்கு என்றிருந்த அந்த ஆட்டத்தில், வீட்டு வேலை செய்து வளர்ந்த ஒரு பெண் எப்படி இடம்பிடித்தார் என்பதை இன்று காண்போம்.

அவர் பெயர் ஆன் கிரெகரி. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், அபர்டீன் என்னும் ஊரில், கறுப்பினக் குடும்பமொன்றில் 1912ஆம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். வெள்ளையர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து வளர்ந்தார். 1938இல் மணமாகி, உருக்காலை நகரமான கேரிக்குக் குடிவந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கணவர் கடற்படைக்குச் சென்றார். அந்தத் தனிமையில்தான் ஆன் கோல்ப் மட்டையைக் கையிலெடுத்தார்.

அக்காலத்தில் வெள்ளையர் மன்றங்கள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. ஆகவே கறுப்பின ஆட்டக்காரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துப் போட்டிகள் நடத்தினர். 1950இல் அச்சங்கத்தின் மகளிர் பட்டத்தை ஆன் வென்றார்.

1956 செப்டம்பர் 17ஆம் நாள், இண்டியானாபோலிஸ் நகரில், அமெரிக்க மகளிர் அமெச்சூர் போட்டியில் அவர் களமிறங்கினார். அமெச்சூர் என்றால் பணத்துக்காக அல்லாமல் விருப்பத்துக்காக ஆடுபவர் என்று பொருள். அமெரிக்க கோல்ப் சங்கத்தின் தேசியப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினப் பெண் அவரே. முதல் சுற்றில் கரோலின் குடோன் என்பவரிடம் தோற்றார். ஆயினும், அதுவரை அடைத்திருந்த கதவு அன்று திறந்தது.

கதவு திறந்தாலும் மனங்கள் உடனே திறந்துவிடுமா? 1959இல் போட்டி நடந்த மன்றத்தில், ஆட்டக்காரர்களுக்கான விருந்துக்கு அவரை அனுமதிக்கவில்லை. அவர் ஆத்திரப்படாமல் தம் விடுதியிலேயே உணவருந்தி, மறுபடியும் ஆட வந்தார். 1963இல் சக ஆட்டக்காரர் ஒருவர் அவரை விடுதிப் பணிப்பெண் என்று எண்ணி, உடுப்பு மாட்டும் கொக்கி கொண்டுவரச் சொன்னார். ஆன் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். உண்மை தெரிந்தபோது வெட்கித் தலைகுனிந்தவர் அந்த அம்மையார்தான்.

இதைக் கேட்கும்போது, ஆன் அடங்கிப்போகிறவர் என்று நமக்குத் தோன்றலாம். அப்படியன்று. கேரி நகரப் பொதுப் பூங்காவில் இரண்டு கோல்ப் திடல்கள் இருந்தன. பதினெட்டுக் குழித் திடல் வெள்ளையருக்கு. ஒன்பது குழித் திடல் கறுப்பினத்தவருக்கு. 1960களின் தொடக்கத்தில் ஒருநாள் ஆன் நேரே சென்று, கட்டணத்தை மேசைமீது வைத்தார். பெரிய திடலைப் பராமரிப்பது தாம் கட்டும் வரிப்பணமும்தான் என்றும், தம்மைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்றும் கூறிவிட்டு ஆடச் சென்றார். எவரும் தடுக்கவில்லை. பிறகு மற்றவர்களும் அங்கே ஆடத் தொடங்கினர்.

தமக்கு நேர்ந்த அவமதிப்பை அவர் பொறுத்துக்கொண்டார். எல்லாருக்கும் உரிய பொது உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எதைப் பொறுப்பது, எதைப் பொறுக்கலாகாது என்று பிரித்தறிந்ததே அவருடைய பலம் என்று நாம் கருதுகிறோம்.

1971இல் மூத்த மகளிருக்கான தேசியப் போட்டியில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் இரண்டாமிடம் பெற்றார். வென்றவர், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவரைத் தோற்கடித்த அதே கரோலின் குடோன். ஆன் அப்போதும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. 1989இல் தம் 76ஆம் வயதில், முதியோருக்கான தேசிய ஒலிம்பிக் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். மறு ஆண்டு பிப்ரவரியில் காலமானார்.

நேயர்களே, நம் வீட்டுப் பெண் பிள்ளை ஓட்டப் போட்டிக்கோ பூப்பந்துக்கோ பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், 'அதெல்லாம் நமக்கு எதற்கு?' என்று சொல்லுமுன், ஆன் கிரெகரியைச் சற்று நினைத்துக்கொள்வோம்.