விளக்கு யார் கையில்?

திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி எங்கள் ஊர். பட்டுக்குப் பேர்போன ஆரணி வேறு. இது பெரியபாளையத்துக்கு அருகில், ஆரணியாற்றங்கரையில் இருப்பது. சிறுவயதில் இந்தப் பக்கத்துப் பாரதக் கூத்துகளுக்கு ஆயா என்னைக் கூட்டிப்போவார். பெட்ரோமாக்ஸ் மங்கும்போதெல்லாம் ஒருவர் வந்து காற்றடித்துவிட்டுப் போவார். துகில் உரியும் இரவில் எல்லாருடைய கண்ணும் திரௌபதி மேல் இருக்க, ஆயா மட்டும் முணுமுணுப்பார்: “அவள எதுக்குப் பாக்கறாங்க? சும்மா குந்தினு இருக்கானுங்களே, அவனுங்க மூஞ்சப் பாக்கணும்.”

அந்த முகங்கள் ஏன் எங்கள் கண்ணில் படவில்லை என்பது மேடை ஒளியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கூத்தின் ஒப்பனை தீப்பந்த வெளிச்சத்தை நம்பி வளர்ந்தது. கிரீடத்திலும் புஜக்கீர்த்தியிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் சிறு சுடரையும் வாங்கிப் பலவாகத் திருப்பித் தரும். துரியோதனன் திரும்பினாலே வெளிச்சம் தெறிக்கும். பெண் வேடத்துக்கு அந்தக் கட்டைகள் கிடையாது, புடவைதான். அரசனிடமிருந்து ஒளி புறப்படுகிறது. திரௌபதி மேல் ஒளி விழுகிறது. அந்தத் திரௌபதியும் வேடம் கட்டிய ஆண்தான்.

இலக்கியத்தில் நமக்குக் கிடைக்கும் பழைய மேடைக் குறிப்பு ஒரு பெண்ணின் அரங்கேற்றத்துக்கானது. மாதவி ஆடிய அரங்கைச் சிலப்பதிகாரம் அளந்து சொல்கிறது: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம், ஒரு கோல் என்பது 24 விரல். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒளியமைப்பின் அடிப்படைப் பாடம் அது. ஆனால் அவளை மறைவின்றிப் பார்க்க அமர்ந்திருந்தவன் அரசன்.

நாடகக் கம்பெனிகளின் காலத்திலும் இந்தக் கணக்கு மாறவில்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு கம்பெனி நடத்தியவர். இன்றும் பேசப்படுவதோ, ‘தாரா சசாங்கம்’ நாடகத்தில் அவர் ஆடையற்றவர்போலத் தோன்றிய காட்சி. ஒரு முதலாளியாக அவர் செய்த நிர்வாகம் பேச்சில் பின்னுக்குப் போய்விட்டது. மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடக நடிகைகளை ஆராய்ந்த சூசன் சைசர், மேடையை விட்டு இறங்கியதும் ஊர்ப் பார்வையிலிருந்து தம்மை மறைத்துக்கொள்ள அவர்கள் படும் பாட்டை எழுதியிருக்கிறார். இரவெல்லாம் வெளிச்சத்தில் நின்றதற்குப் பகலில் கொடுக்கும் விலை அது.

விளக்கைத் தன் கைக்குக் கொண்டுவந்த பெண்களும் உண்டு. 1892இல் பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கில் ஆடத் தொடங்கிய அமெரிக்கர் லோய் ஃபுல்லர், நீண்ட பட்டுத் துணியைக் கழிகளில் தாங்கிச் சுழற்றினார்; வண்ண விளக்குகளும் கண்ணாடிகளும் எங்கிருந்து ஒளி பாய்ச்ச வேண்டும் என்பதை அவரே வகுத்தார்; மேடை உத்திகளுக்குக் காப்புரிமையும் பெற்றார். உடலைப் பார்க்க வந்தவர்கள் ஒளியைப் பார்த்துத் திரும்பினார்கள். பின்னால் ஜீன் ரோசன்தால் (1912–1969) மார்த்தா கிரஹாமின் நடனங்களுக்குப் பல ஆண்டுகள் ஒளியமைத்தார். முன்னிருந்து மட்டும் விழும் வெளிச்சம் உடலைத் தட்டையாகக் காட்டும். பக்கவாட்டு ஒளி அதன் திரட்சியையும் உழைப்பையும் காட்டும். எதைக் காட்டுவது என்பதை விளக்கின் கோணம் தீர்மானிக்கிறது. கோணத்தை அதை வைக்கும் கை தீர்மானிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவிகள் பாஞ்சாலி நாடகம் போட்டார்கள். வாடகைக்கு விளக்கு கொண்டுவந்தவர், “பொம்பளப் புள்ளைங்க ஒயரைத் தொடக்கூடாது, ஷாக் அடிக்கும்” என்றார். ஒரு மாணவி நகரவில்லை. அம்மா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்டில் மிஷின் ஓட்டுகிறார், எனக்கு இந்த டிம்மர் ஓட்டத் தெரியாதா என்று கேட்டாள். ஒரு மதியம் முழுக்கப் பழகிக்கொண்டாள்.

அன்று மாலை, துகிலைப் பற்றி இழுத்த நொடியில் அவள் பாஞ்சாலி மேலிருந்த ஒளியை மெல்ல இறக்கினாள். பீஷ்மர், துரோணர், திருதராஷ்டிரன் என்று சபையில் வாய்மூடி அமர்ந்திருந்த ஒவ்வொரு முகத்தின் மேலும் வெளிச்சத்தை ஏற்றினாள். காட்சி முடியும்வரை அதை அணைக்கவே இல்லை.