சுற்றுச்சூழல் பட்டப்படிப்பு: இந்தியாவில் அது உருவான வரலாறு

சுற்றுச்சூழல் அறிவியலும் மேலாண்மையும் இந்தியப் பல்கலைக்கழகங்களில் தனிப் பட்டப்படிப்பாகி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன. ஆனால் அதில் கற்பிக்கப்படும் பாடங்கள் மிகப் பழையவை. காட்டை அளந்து பராமரிக்கும் வனக்கல்வி, ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சுகாதாரப் பொறியியல், உயிர்களுக்கும் அவை வாழும் இடத்துக்குமான உறவை ஆராயும் சூழலியல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறியாத தனி ஓடைகளாக வளர்ந்தவை. 1970களில்தான் அவை ஒரே பாடத்திட்டத்துக்குள் வந்தன. அப்படி வந்ததில் பல்கலைக்கழகங்களுக்கு இருந்த பங்கைவிடச் சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இருந்த பங்கு பெரிது.

வனப்பள்ளிகள்

கப்பல் கட்டவும் ரயில் பாதை போடவும் 19ஆம் நூற்றாண்டில் இந்தியக் காடுகள் கணக்கின்றி வெட்டப்பட்டன. தேக்கு அருகிவருவதைக் கண்டு முதலில் எச்சரித்தவர்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர்கள் முக்கியமானவர்கள். தாவரவியல் அக்காலத்தில் மருத்துவக் கல்வியின் ஒரு பகுதி. அதனால் மரங்களை அறிந்தவர்களாக அவர்களே இருந்தனர். அவர்களுள் ஒருவரான ஹியூ கிளெக்ஹார்ன் 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார்.

அதே ஆண்டு பர்மாவின் பெகு பகுதித் தேக்குக் காடுகளுக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ். எத்தனை மரம் இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை வெட்டலாம் என்று சொல்ல முடியாது என்பது அவர் நிலைப்பாடு. யானை மேல் அமர்ந்து காட்டை ஊடறுத்துச் செல்வார். கையில் சில மூங்கில் துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஓர் அளவு மரத்துக்கு உரியது. கண்ணில் படும் ஒவ்வொரு தேக்குக்கும் அதன் பருமனுக்கு ஏற்ற துண்டில் கத்தியால் ஒரு வெட்டுக் குறி இடுவார். பயணம் முடிந்ததும் குறிகளை எண்ணினால் சிறிய, நடுத்தர, முதிர்ந்த மரங்களின் விகிதம் தெரிந்துவிடும். ஓராண்டில் வெட்டத்தக்க மரங்களின் எண்ணிக்கை அதிலிருந்தே கணக்கிடப்பட்டது. மாதிரி எடுத்து முழுமையை மதிப்பிடும் இம்முறையின் விரிவான வடிவங்களை இன்றைய மாணவர்களும் களப்பயிற்சியில் கற்கின்றனர்.

1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளரான பிராண்டிஸ், 1878இல் டேராடூனில் வனப்பள்ளியைத் தொடங்கினார். உயர் அதிகாரிகள் ஐரோப்பாவில் பயின்று வர, வனச்சரகர்கள் இங்கே பயிற்சி பெற்றனர். அவ்வூரிலேயே 1906இல் வன ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. தெற்கே கோயம்புத்தூரில் 1902இல் வன அருங்காட்சியகமும் 1912இல் வனக்கல்லூரியும் அமைந்தன. அருங்காட்சியகத்தை உருவாக்கிய வன அதிகாரி காஸ் என்பவரின் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது. மரத்துண்டுகள், விதைகள், பூச்சிகள், காட்டு விளைபொருள்கள் என மாணவர் தொட்டுப் பார்த்துக் கற்கும்படி அங்கே பொருள்கள் சேர்க்கப்பட்டன.

இக்கல்விக்கு ஒரு பெரிய குறையும் இருந்தது. டேராடூன் பள்ளி திறக்கப்பட்ட அதே 1878இல் இந்திய வனச்சட்டம் வந்தது. காப்புக்காடுகளில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மக்களுக்கு இருந்த உரிமைகளை அது பெரிதும் சுருக்கியது. சென்னை மாகாணம் 1882இல் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. வனப்பள்ளி மாணவர் மரத்தின் வளர்ச்சியையும் அதன் வருவாயையும் நன்கு கற்றார். காட்டை நம்பி வாழ்ந்த மக்களைக் காட்டுக்கு இடையூறானவர்களாகவே பார்க்கப் பழகினார். மக்களும் மேலாண்மையின் ஓர் உறுப்பு என்று பாடத்திட்டம் ஏற்றுக்கொள்ள நூறு ஆண்டுகள் பிடித்தன.

கழிவுநீரும் ஒரு புட்டியும்

இரண்டாவது ஓடை நகரங்களிலிருந்து வந்தது. காலராவும் டைஃபாய்டும் குடிநீர் வழியே பரவுவது உறுதியானபின், குடிநீர் வடிகட்டலும் கழிவுநீர் அகற்றலும் பொறியாளர் கற்க வேண்டியவை ஆயின. 1932இல் கல்கத்தாவில் அனைத்திந்தியச் சுகாதார, பொது நலவாழ்வு நிறுவனம் தொடங்கியது. விடுதலைக்குப் பின் 1958இல் நாக்பூரில் மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியிலும் பொதுச் சுகாதாரப் பொறியியல் சிறப்புப் பாடமாக நிலைபெற்றது.

இத்துறை சுற்றுச்சூழல் படிப்புக்குத் தந்தவற்றில் முதன்மையானது பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனை. கழிவுநீர் மாதிரியை நீர்க்கச் செய்து, காற்றுக்குமிழி இல்லாமல் புட்டியில் நிரப்பி, அதில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளப்பர். பிறகு புட்டியை இருட்டில் குறித்த வெப்பநிலையில் வைத்து, சில நாள் கழித்து மீண்டும் அளப்பர். நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று செலவிட்ட ஆக்சிஜனே இரண்டு அளவுகளுக்கும் இடையிலான வேறுபாடு. கழிவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு ஆற்று மீனுக்கு மூச்சு இல்லாமல் போகும்.

கழிவுநீர் குறித்த பிரிட்டன் அரசு ஆணையம் 1912இல் இச்சோதனைக்கு ஐந்து நாள் கணக்கைப் பரிந்துரைத்தது. பின்னாளில் 20 பாகை செல்சியஸ், ஐந்து நாள் என்பது உலகெங்கும் வழக்கமானது. அது குளிர்நாட்டு ஆறுகளை மனத்தில் கொண்ட கணக்கு. வெப்பநாட்டில் நுண்ணுயிர்கள் விரைந்து செயல்படுகின்றன. ஆகவே இந்திய ஆய்வகங்கள் 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் என்ற முறைக்கு மாறின. மாசுக் கட்டுப்பாட்டுத் தர அளவுகளிலும் அதுவே இடம்பெற்றுள்ளது. வெளியிலிருந்து வந்த அறிவியல் இந்த மண்ணின் வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டதற்கு இது நல்ல சான்று.

சூழலியலின் வருகை

மூன்றாவது ஓடை தாவரவியல் துறைகளில் பிறந்தது. இங்கிலாந்தின் லீட்ஸில் ஆய்வுப்பட்டம் பெற்றுத் திரும்பிய ராம்தேவ் மிஸ்ரா, பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டலச் சூழலியலுக்கு அடித்தளமிட்டார். அவர் மாணவர்கள் புல்வெளியில் சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் எந்தச் செடி எத்தனை என்று எண்ணிப் பதிவு செய்தனர். அறுத்து உலர்த்தி எடை போட்டு, ஓராண்டில் நிலம் விளைவிக்கும் உயிர்ப்பொருளைக் கணக்கிட்டனர். செடிகளுக்குப் பெயரிடுவதோடு நின்றிருந்த தாவரவியல், அவை சேர்ந்து வாழும் முறையை அளக்கத் தொடங்கியது. களச்செயல்முறைகளைத் தொகுத்து 1968இல் மிஸ்ரா வெளியிட்ட பயிற்சி நூல் பல பல்கலைக்கழகங்களில் பயன்பட்டது. தெற்கே, 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தீபகற்பத்தின் தாவரப் பரவலை வரைபடங்களாக்கி, மேற்குத் தொடர்ச்சி மலை ஆய்வுகளுக்கு வழி செய்தது.

ஒன்றுசேர்ந்த காலம்

1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் மானுடச் சுற்றுச்சூழல் மாநாடு நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி அங்கே உரையாற்றி, வறுமையையும் சுற்றுச்சூழலையும் பிரித்துப் பார்க்க இயலாது என்று வலியுறுத்தினார். அவ்வாண்டே தேசியச் சுற்றுச்சூழல் திட்ட, ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. நாக்பூர் நிறுவனமும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் மாறியது. 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியே சுற்றுச்சூழல் பாதுகாப்பு அரசின் நெறியாகவும் குடிமக்களின் கடமையாகவும் அரசியலமைப்பில் சேர்ந்தது.

கல்வியிலும் இதே காலத்தில் மாற்றம் நிகழ்ந்தது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1970களின் நடுவில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கெனத் தனிப்புலம் தொடங்கி, இயற்பியல், வேதியியல், புவியியல், உயிரியல் பேராசிரியர்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. 1977இல் திபிலிசியில் நடந்த மாநாடு, சுற்றுச்சூழல் கல்வி துறைகளைக் கடந்ததாக இருக்க வேண்டும் என்று உலக நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. 1982இல் போபாலில் இந்திய வன மேலாண்மை நிறுவனம் உருவானது. தமிழ்நாட்டில் அண்ணா, பாரதியார் பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் துறைகள் அமைந்தன. வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி மேட்டுப்பாளையத்தில் நிலைபெற்றது.

மேலாண்மை பாடமானது

1984 டிசம்பரில் நிகழ்ந்த போபால் நச்சுவாயுப் பேரழிவு, ஆபத்தான தொழிற்சாலையை யார், எப்படிக் கண்காணிப்பது என்ற கேள்வியை நாட்டின் முன் வைத்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1994 ஜனவரியில் வந்த அறிவிக்கை, பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1997 திருத்தம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தைச் சேர்த்தது. 2006இல் புதிய அறிவிக்கை முழு நடைமுறையையும் மாற்றி அமைத்தது. காற்று, நீர், மண், ஒலி, பல்லுயிர், சமூகப் பொருளாதாரம் எல்லாவற்றையும் ஒரே அறிக்கையில் எழுதத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். தாக்க மதிப்பீடு, தணிக்கை, சுற்றுச்சூழல் சட்டம் ஆகியவை பட்டப்படிப்பில் தனித்தாள்களாக இடம்பெற்றதற்கு இந்தத் தேவை முக்கியக் காரணம்.

பாலாற்றுக் கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மாணவர்கள் தவறாமல் படிக்கும் ஒன்று. அறிவியல் உறுதிப்பாடு முழுமையாகக் கிடைக்கும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையோடு செயல்பட வேண்டும், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அது அறிவித்தது. திருப்பூரில் நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூட 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறை அங்கே கட்டாயத் தேவையானது; பட்டதாரிகள் பலர் இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பணிபுரிகின்றனர்.

எல்லோருக்கும் ஒரு பாடம்

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயப் பாடமாக்க வழிகாட்டியது. செயல்பாடு தாமதமாகவே, நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்த வேண்டியிருந்தது. பின்னர் பல்கலைக்கழக மானியக்குழு எல்லா இளநிலை மாணவர்களுக்கும் ஆறு மாதப் பாடத்தை வகுத்தது. எரக் பரூச்சா எழுதிய பாடநூல் அதற்காக வெளியானது. வணிகவியல் மாணவரும் இலக்கிய மாணவரும் சூழல் மண்டலம், பல்லுயிர், மாசு ஆகியவற்றைப் படித்துத் தேற வேண்டியதாயிற்று.

அப்பாடத்தின் கடைசி அலகு களப்பணி: அருகிலுள்ள ஆறு, காடு அல்லது மலையை நேரில் ஆவணப்படுத்துவது, மாசடைந்த ஓர் இடத்தைப் பார்ப்பது, ஊர்ப்புறச் செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் அறிவது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத கல்லூரிகளில் அது பெரும்பாலும் குறிப்பேடு எழுதுவதோடு முடிந்தது. பாடம் பரவிய வேகத்துக்கு ஆசிரியர் பயிற்சி ஈடுகொடுக்கவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020இன்படி மானியக்குழு 2023இல் வெளியிட்ட புதிய கட்டமைப்பு, பருவநிலை மாற்றம், கழிவு மேலாண்மை, நிலைத்த வளர்ச்சி ஆகியவற்றைச் சேர்த்ததோடு களச்செயல்பாட்டையும் மீண்டும் வலியுறுத்துகிறது.

இந்த வரலாற்றில் நிலைத்தவை எல்லாம் களத்தில் அளந்து பெற்ற முறைகளே: பிராண்டிஸின் மூங்கில் துண்டு, பி.ஓ.டி. புட்டி, மிஸ்ராவின் சதுரச் சட்டம். சட்டமும் நீதிமன்றமும் படிப்புக்கு இடமும் வேலையும் தந்தன. ஆனால் தாக்க மதிப்பீட்டு அறிக்கையோ நீதிமன்ற ஆணையோ நம்பத்தக்கதாக இருப்பது அதற்கு அடியில் இருக்கும் அளவீட்டைப் பொறுத்தது. களப்பயிற்சிக்கு ஆசிரியரும் நேரமும் ஆய்வகமும் ஒதுக்கும் துறைகளே இந்தப் பட்டத்துக்கு உரிய தகுதியைத் தருகின்றன.