வெப்பமா, இரைச்சலா?

மே மாதப் பிற்பகல். திருச்சியில் வெயில் 40 டிகிரி செல்சியஸ். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் என் மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியை மேசைமேல் வைத்தார். “சார், மார்கழியில் சாதுவாக இருந்தது, இப்போது மாவு மில்லைப்போல் இரைகிறது. பழுதாகிவிட்டதா?” என்றார். பழுதன்று, இயற்பியல் என்றேன். அந்த இயற்பியலுக்கு ஒரு வரலாறும் உண்டு, காண்போமா?

1982-இல் விற்பனைக்கு வந்த எப்சன் எச்எக்ஸ்-20 என்னும் கையடக்கக் கணினிக்கு விசிறியே கிடையாது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சீமாஸ் சில்லுகளால் ஆனது அது, வெப்பமும் சொற்பமே. பின்னர் வேகப் போட்டி தொடங்கியது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் குறைத்தால், எத்தனை நெருக்கினாலும் சில்லின் சூடு கூடாது என்று 1974-இல் ராபர்ட் டென்னார்டு குழுவினர் காட்டியிருந்தனர். ஆனால் மின்னழுத்தத்தைக் குறைப்பதற்கும் எல்லை உண்டல்லவா? 2005-ஐ ஒட்டி அந்த எல்லை எட்டப்பட்டது. அதற்கு முன்பே, 1990-களில், மடிக்கணினிக்குள் விசிறி புகுந்துவிட்டது. கூடவே இரைச்சலும் புகுந்தது.

இரைச்சல் எவ்வளவு? ஒரு விசிறி தள்ளும் காற்று அதன் வேகத்திற்கு நேர்விகிதத்தில் கூடும். ஒலித்திறனோ, ஏறக்குறைய வேகத்தின் ஐந்தாம் படிக்கு ஏற்பக் கூடும். வேகம் இருமடங்கானால் காற்று இருமடங்கு. ஒலித்திறன் 32 மடங்கு, அதாவது 15 டெசிபெல் உயர்வு!

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். வெளியேறும் காற்று 60 டிகிரி எனக் கொள்வோம். 25 டிகிரி அறையில், உள்ளே புகும் காற்று 35 டிகிரி சூடேறி வெப்பத்தைச் சுமந்து செல்லும். 40 டிகிரி அறையிலோ 20 டிகிரிதான் ஏற முடியும். எனவே அதே வெப்பத்தை அகற்ற 1.75 மடங்கு காற்று வேண்டும். ஒலித்திறன் சுமார் 16 மடங்காகும். 12 டெசிபெல் கூடும். மார்கழிக்கும் அக்கினி நட்சத்திரத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று வெப்பக் குழாய். 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோசில் ஜார்ஜ் குரோவர் அமைத்துக் காட்டியது. மூடிய குழாய்க்குள் சிறிதளவு நீர்மம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் நீர்மமாகி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உட்புறத் திரி வழியே திரும்புகிறது. மடிக்கணினியில், சில்லின் சூட்டை அகன்ற உலோகத் தகடுகளுக்கு இது கொண்டு செல்வதால் விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும். மற்றது, வெப்பத்தைப் பிறக்குமிடத்திலேயே குறைப்பது. 2000-இல் இன்டெல் நிறுவனம் செயலியின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கும் முறையை மடிக்கணினிகளில் புகுத்தியது. 2020-இல் ஆப்பிளின் மேக்புக் ஏர், எம்1 சில்லுடன் விசிறியின்றியே வந்தது.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், வசதியற்ற பல வீடுகளிலும் இக்கருவி நுழைந்தது. குளிரூட்டிய அறை எல்லார்க்கும் இல்லை. ஆனால் மெத்தைமீது வைத்துக் காற்றுத் துளைகளை அடைக்காமலும், தூசி சேராமலும் காப்பது எல்லார்க்கும் இயலும். என் மாணவரின் கருவியை மேசையில் சற்று உயர்த்தி வைத்தோம், இரைச்சல் தணிந்தது. நீங்களும் செய்து பாருங்கள்!