பலிபீடத்துக்கு முன்னே ஒரு கணக்கு

பண்டை யூதரின் பலிபீடம் என்றதும் நம் மாணவர்களின் நினைவில் எழுவன குருதியும் புகையுமே. லேவியராகமத்தை நிதானமாகப் படிப்பவருக்கு அங்கே ஒரு கணக்குப் பதிவேடும் புலப்படும்.

அறியாமற் செய்த பாவத்துக்கு எதைப் பலியிடுவது? அபிஷேகம் பெற்ற ஆசாரியன் பிழை செய்தால் ஒரு காளை. சபை முழுவதும் பிழைத்தாலும் காளையே. தலைவனுக்கு வெள்ளாட்டுக் கடா, சாதாரணக் குடிமகனுக்குப் பெண்ணாடு. ஆட்டுக்கு வக்கற்றவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாத பரம ஏழை, எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவந்தால் போதும்; அதில் எண்ணெயும் வேண்டாம், தூபவர்க்கமும் வேண்டாம். குடிமகனின் பலி இறைச்சியை ஆசாரியன் உண்ணலாம். ஆனால் ஆசாரியனுடைய சொந்தப் பாவத்துக்கான காளையோ பாளயத்துக்கு வெளியே முழுவதும் எரிக்கப்பட வேண்டும். தன் குற்றத்தால் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ள அவனுக்கு வழியில்லை. புரோகிதர்கள் வகுத்த சட்டம் புரோகிதரையே இவ்வாறு கட்டிப்போட்டது வியப்புக்குரியதே.

ஆனால் ஏட்டில் இருந்த சலுகையைச் சந்தை விழுங்கிவிடும். எருசலேமில் ஒரு காலத்தில் ஒரு சோடிப் புறாவின் விலை ஒரு பொன் தினாரை எட்டியது. பல பிரசவங்களைக் கண்ட பெண்ணும் ஒரே சோடியைக் கொடுத்தாற் போதும் என்று ரபான் சிமியோன் பென் கமாலியேல் தீர்ப்பளித்தார். அன்றே விலை வெள்ளிக் காசின் பின்னத்துக்குச் சரிந்தது. இதனைப் பதிந்து வைத்திருப்பது கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா. பக்தியைப் பண்டமாக்கிய வணிகரை அடக்கச் சட்டத்தையே தளர்த்தினார் அந்த அறிஞர்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது குற்றநிவாரண பலி. அயலானை ஏமாற்றியவன், பறித்தவன், ஒப்படைத்த பொருளை மறுத்தவன் ஆகியோர் அப்பொருளை முழுமையாகத் திருப்பி, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உடையவனிடம் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கடாவும் செலுத்த வேண்டும். இவற்றுள் எது முந்துவது என்ற வினாவுக்கு மிஷ்னா ஐயமற விடை கூறுகிறது: பொருளைத் திருப்பித் தருமுன் செலுத்திய பலி செல்லாது. கி.பி. 70இல் உரோமர் ஆலயத்தை எரித்தபின் பீடம் மறைந்தது, கடன் மறையவில்லை. மனிதனுக்கு மனிதன் இழைத்த தீங்கை, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாளும் தீர்க்காது என்றனர் ரபிமார்.

நம் மதுரங்குளிக் கரையருகே வழங்கும் பிராயச்சித்தக் கதை வேறு விதமானது. இராவணனைக் கொன்ற பிரமகத்தி தோஷம் நீங்க இராமன் சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்தில் வழிபட்டான் என்றும், பின்பு மானாவரியில் இலிங்கம் நாட்டினான் என்றும் தலபுராணம் சொல்கிறது. கதை அழகானதுதான். எனினும் கொன்றவனுக்கும் கடவுளுக்கும் இடையிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. கணவனை இழந்த மண்டோதரி அந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை.

இதே கரைக்கு 1990 ஒக்டோபரில் வேறொரு கணக்கு வந்து சேர்ந்தது. விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். வீடு, கடை, நகை, காணி எல்லாம் பின்னே நின்றன. அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்து ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அச்செயலுக்கு வருத்தம் தெரிவித்தார். அதை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் பழைய யூதச் சட்டவாணன் ஒருவன் அங்கிருந்தால், முதலும் ஐந்திலொன்றும் எங்கே என்றுதான் கேட்டிருப்பான்.

பாதிக்கப்பட்டவன் இறந்து, அவனுக்கு உறவினனும் இல்லையென்றால் ஈட்டை யாரிடம் கொடுப்பது என்பதற்கும் எண்ணாகமம் விதி வகுத்திருக்கிறது: அது கர்த்தருக்கு உரியதாகி ஆசாரியனைச் சேரும். இங்கோ நிலைமை தலைகீழ். கொடுக்க வேண்டிய இயக்கம் 2009 மே மாதத்தில் அழிந்தது. பெற வேண்டியவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். போருக்குப்பின் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்குத் திரும்பியவர்கள் கூரையற்ற சுவர்களைக் கண்டனர். அந்தச் சுவர்களுக்கான ஐந்திலொரு பங்கை அரசு தருவதா, அவர்களின் பெயரால் செயல்பட்டதாகச் சொல்லப்பட்ட தமிழ்ச் சமூகம் தருவதா என்ற வினாவைத் தமிழர் எவரும் பிறர் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது.